நெய்கிற கால்களைத் தின்னும் பூஞ்சை

ஆரணிப் பட்டுக்குப் பின்னால் ஈரக் குழியிலும் சாயத் தண்ணீரிலும் நாள் முழுக்கக் கிடக்கும் கால்கள் இருக்கின்றன. சேற்றுப்புண்ணும் நகச்சொத்தையும் அந்தக் கால்களின் தலையெழுத்து அல்ல. அடையாளம் கண்டு, குணப்படுத்தி, திரும்ப வராமல் தடுக்க முடியும்.

குழித்தறியில் நெய்பவரைப் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் கைகள் மேல்தான் விழும். நாடா ஓடுகிறது, பலகை அடிக்கிறது, ஜரிகைக் கரை மெல்ல வளர்கிறது. ஆனால் தறியை ஓட்டுவதில் பாதி வேலை தரைக்குக் கீழே நடக்கிறது. முழங்கால் மறையும் ஆழத்தில், வெளிச்சம் எட்டாத குழிக்குள், கட்டைவிரலும் அடுத்த விரலும் மிதிப்பலகையின் விளிம்பைப் பற்றி அழுத்துகின்றன. விழுது ஏறி இறங்குகிறது, பாவு இரண்டாகப் பிரிந்து நாடாவுக்கு வழிவிடுகிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இந்த மிதி. தறியில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. தறி சாமி. தவிரவும், மிதியின் பிடி வெறுங்காலுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலைக் குழியிலிருந்து எடுத்து, விரல்களை விலக்கிப் பாருங்கள். சுண்டுவிரலுக்கும் அதற்கு முந்தைய விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறிப்போய், ஓரம் உரிந்து, அடியில் சிவந்த வெடிப்பு ஒன்று இருக்கிறதா? லேசான வாடை வருகிறதா? சாயங்காலம் கால் கழுவியதும் அங்கே அரிப்பு தாங்க முடியவில்லையா? பெரும்பாலும் அது பூஞ்சைத் தொற்று. நம் ஊர்ப் பேச்சில் சேற்றுப்புண்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாக நதிக்கரையில் இருக்கும் ஆரணியும், அதைச் சுற்றியுள்ள தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் போன்ற ஊர்களும் பட்டால் வாழ்கிறவை. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆரணி அரிசிக்கும் பேர் போனது. எனவே இங்கே ஈரத்தில் நிற்பவர் நெசவாளி மட்டும் அல்ல. சாயப்பட்டறைக்காரர், நெல் அவிக்கும் ஆலைத் தொழிலாளி, நாற்று நடும் பெண்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை பொது. பொதுவாக இருப்பதாலேயே இதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. "தறியில உக்கார்ந்தா வர்றதுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஈரம்தான் வாசல்

சேற்றில் இறங்காதவருக்கும் சேற்றுப்புண் வரும். காரணம் சேறு அல்ல, பூஞ்சை. தோலின் மேலடுக்கு, நகம், முடி மூன்றும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அந்தக் கெரட்டினையே தின்று வாழும் பூஞ்சைக் கூட்டம் ஒன்று உண்டு. அதில் உலகெங்கும் கால்களில் அதிகம் காணப்படுவது ட்ரைக்கோபைட்டன் ரூப்ரம். இதை 1910-ல் விவரித்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். அந்தக் காலத்தில் அவர் பணியாற்றிய இடம் கொழும்பு. இந்தப் பூஞ்சை ஆசியாவிலிருந்துதான் கப்பல்களிலும் படைகளோடும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது என்பது தோல் மருத்துவ வரலாற்றாசிரியர்களின் கருத்து. வெறுங்காலோடு நடந்த மக்களின் உடலில் அதிகம் தங்கியிருந்த அது, மூடிய காலணி போட்டவர்களின் வியர்த்த பாதத்தில் தனக்கான இடத்தைக் கண்டுகொண்டது.

அப்படியானால் செருப்பே போடாமல் நெய்பவருக்கு ஏன் வருகிறது? பூஞ்சைக்குத் தேவை காலணி அல்ல; ஈரமும் வெப்பமும் காற்றில்லாமையும்தான். மண்ணில் தோண்டிய குழி இயல்பாகவே குளிர்ந்து கசியும். அந்த ஈரப்பதம் இழை அறாமல் காக்கும் என்பதால் நெசவாளி அதை வெறுப்பதும் இல்லை. மழைக்காலத்தில் நிலைமை மோசம். ஐப்பசி அடைமழையில் குழிக்குள் ஊற்று எடுத்துத் தறி நிற்பது நெசவு ஊர்களில் புதிதல்ல. தண்ணீரை இறைத்துவிட்டு, மண் காயும் முன்பே மறுபடி காலை இறக்குகிறார்கள். கூலி அப்படி. ஒரே மிதிப்பலகையில் காலையில் கணவர், பகலில் மனைவி, மாலையில் மகன் என்று கால்கள் மாறுகின்றன. ஒருவர் காலிலிருந்து உதிரும் தோல் செதிலில் பூஞ்சை வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

சாயப்பட்டறையில் கதை வேறு. கோறா என்கிற கச்சாப் பட்டின் மேல் செரிசின் என்ற இயற்கைப் பசை இருக்கும். எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை நீக்கினால்தான் பட்டுக்குப் பளபளப்பு வரும், சாயம் பிடிக்கும். அந்தத் தண்ணீர் வழிகிற தரையில்தான் பட்டறை ஆட்கள் நிற்கிறார்கள். நம் தோல் இயல்பாக லேசான அமிலத் தன்மை உள்ளது. அந்த அமிலமே கிருமிகளுக்கு எதிரான முதல் காவல். சோடாத் தண்ணீர் காரம். அது காவலைக் கரைத்து, தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்து, வெடிப்பு உண்டாக்குகிறது. பூஞ்சை நுழைய வேறென்ன வேண்டும்?

நான்கு முகங்கள்

காலில் பூஞ்சை ஒரே மாதிரி வராது. நான்கு விதமாக வரும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது விரலிடுக்குத் தொற்று. மேலே சொன்ன ஊறல், உரிதல், வெடிப்பு, அரிப்பு. பெரும்பாலும் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே தொடங்கும். விரல்கள் நெருங்கி, காற்றுப் புகாத இடம் அது.

இரண்டாவது உள்ளங்கால் முழுவதும் பரவும் வறண்ட வகை. மாவு பூசியது போல வெண்செதில், தடித்த தோல், குதிகாலில் வெடிப்பு. அரிப்பு குறைவாகவே இருக்கும். பித்தவெடிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் எண்ணெயும் களிம்பும் தடவுகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது இதுதான். இரண்டு பாதங்களோடு ஒரு கையின் உள்ளங்கை மட்டும் செதில் உதிர்ந்தால் பூஞ்சை என்ற சந்தேகம் மேலும் வலுக்கும். காலைச் சொறிகிற கைக்குத்தான் அது ஒட்டுகிறது.

மூன்றாவது கொப்புள வகை. பாதத்தின் உள்வளைவில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் திடீரென்று கிளம்பும், கடுமையாக அரிக்கும். நான்காவது, விரலிடுக்குப் புண்ணில் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும் நிலை. சீழ், துர்நாற்றம், வலி, நடக்க முடியாமை. இது அவசரம்.

இவற்றோடு நகச்சொத்தை. பெருவிரல் நகம் நுனியிலிருந்து மஞ்சளாகி, தடித்து, அடியில் தூள் தூளாக உதிரும். நகத்தில் இருக்கும் பூஞ்சை ஒரு சேமிப்புக் கிடங்கு. தோலில் குணமானாலும் அங்கிருந்து மறுபடி மறுபடி இறங்கி வரும்.

பார்க்கப் பூஞ்சை போல இருந்து, பூஞ்சையாக இல்லாதவையும் உண்டு. ரப்பர் செருப்பு வார் படும் இடத்தில் மட்டும், வாரின் வடிவத்திலேயே சிவந்து அரித்தால் அது ஒவ்வாமை. சாயமோ சோப்போ படும் இடம் முழுக்க எரிந்தாலும் அப்படியே. உள்ளங்காலில் ஊசி குத்திய மாதிரிக் குழிகளும் கடும் நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியா வேலை. உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் ஒரே சீராகத் தடித்த செதில் இருந்தால் சோரியாசிஸாக இருக்கலாம். உருமாறிய நகங்களில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். மீதிக்கு அடிபட்டது, சோரியாசிஸ், வயது என்று பல காரணங்கள். தோலில் நிறம் வெளுத்து, அந்த இடத்தில் தொடு உணர்ச்சி இல்லையென்றால் பூஞ்சை என்று எண்ணி நாளைக் கடத்தாதீர்கள். தொழுநோய்க்கான பரிசோதனை உடனே தேவை. அதுவும் முழுமையாகக் குணமாகக் கூடியது, மருந்து இலவசம்.

சந்தேகம் தீர எளிய பரிசோதனை இருக்கிறது. செதிலையோ நகத் தூளையோ சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இழைகள் கிளை கிளையாகத் தெரியும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. செலவும் மிகக் குறைவு.

"அண்ணே, அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க"

சேற்றுப்புண்ணைவிட ஆபத்தானது அதற்கு நாம் வாங்கும் மருந்து என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கலாம். மருந்துக்கடையில் தினமும் நடப்பதைப் பாருங்கள். "அண்ணே, கால் இடுக்குல அரிக்குது, ஒரு ட்யூப் குடுங்க." கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துத் தருகிறார். சீட்டு இல்லை, கேள்வி இல்லை. இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. "நல்ல மருந்து" என்று பெயர் வாங்கிவிடுகிறது. மனைவிக்கு, அம்மாவுக்கு, பக்கத்துத் தறிக்காரருக்கு என்று அதே ட்யூப் கை மாறுகிறது.

இப்படி விற்கும் களிம்புகள் பலவற்றில் மூன்று மருந்துகள் கலந்திருக்கும். ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு பாக்டீரியாக்கொல்லி, மூன்றாவதாக க்ளோபெட்டசோல் அல்லது பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பை நிறுத்துவது இந்த ஸ்டீராய்டுதான். அது பூஞ்சையைக் கொல்வதில்லை. பூஞ்சையோடு சண்டை போடும் நம் உடலின் எதிர்ப்பை அடக்குகிறது. சண்டை நின்றதால் சிவப்பும் அரிப்பும் மறைகின்றன. எதிர்ப்பு இல்லாத இடத்தில் பூஞ்சை ஆழமாக வேர்விடுகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்பைவிட இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. திரும்ப அதே களிம்பு. இந்தச் சுழலில் சிக்கிய தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, தொடையிடுக்கில் வரிவரியாகக் கிழிந்துபோகிறது. நோயின் உருவமும் மாறிவிடுவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினம்.

இது ஆரணியின் பிரச்சினை மட்டும் அல்ல. இதே பூஞ்சைக் கூட்டம் உடம்பில் உண்டாக்கும் படர்தாமரை, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தியா முழுக்கக் கட்டுக்கடங்காமல் பரவி வருகிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் ஸ்டீராய்டு களிம்புகளின் தவறான பயன்பாட்டுக்கு எதிராகத் தனிக் குழுவே அமைத்துப் போராடியது. 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதித்தபோது, அந்தப் பட்டியலில் இப்படிப்பட்ட தோல் களிம்புகளும் இருந்தன. சட்டம் வந்துவிட்டது. கடை அலமாரிக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

இந்தத் தவறான பயன்பாட்டுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன தெரியுமா? ட்ரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று 2020-ல் பெயரிடப்பட்ட புதிய பூஞ்சை. பெயரிலேயே இந்தியாவைச் சுமக்கும் இந்த வகை, உலகம் நம்பியிருந்த டெர்பினாஃபின் மருந்துக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை. 2023-ல் அமெரிக்காவின் முதல் நோயாளிகள் நியூயார்க்கில் அறிவிக்கப்பட்டார்கள். இது பாதத்தைவிட உடம்பிலும் தொடையிடுக்கிலும்தான் அதிகம் வருகிறது. ஆனால் காலில் இருக்கும் எந்தப் பூஞ்சையும் துண்டு வழியாக, விரல் வழியாக, உள்ளாடையை மாட்டும்போது பாதம் உரசும் வழியாக மேலே ஏறக்கூடியது.

அதனால் ஒரே ஒரு பழக்கம் போதும். ட்யூப்பின் பெட்டியைத் திருப்பி, உள்ளிருக்கும் மருந்துகளின் பெயரைப் படியுங்கள். க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், டெக்சாமெத்தசோன் என்று எதுவும் இருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் அதைப் பூஞ்சைக்குப் போடாதீர்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்.

சரியான மருந்து, முழுக் காலமும்

விரலிடுக்கோடு நிற்கும் சாதாரணத் தொற்றுக்குக் களிம்பே போதும். க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பை நாளுக்கு இரண்டு முறை, நான்கு வாரம் தடவ வேண்டும். டெர்பினாஃபின் 1 சதவீதக் களிம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரம். காலைக் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே மருந்து. புண்ணின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை அங்கேயும் இருக்கும். அரிப்பு நின்ற நாளில் மருந்தை நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அரிப்பு முதலில் நிற்கும், பூஞ்சை கடைசியில்தான் சாகும். தோல் பார்க்க நன்றாக ஆனபிறகும் ஒரு வாரமாவது தொடருங்கள்.

அரசு மருத்துவமனைகளில் பழகிய வெள்ளைக் களிம்பு ஒன்று உண்டு. பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்தது. ஆர்தர் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் நூறு ஆண்டுகளுக்கும் முன் உருவாக்கியது. எரிச்சல் தரும், வேலை மெதுவாக நடக்கும், ஆனால் தடித்த உள்ளங்கால் தோலை உரித்துப் பூஞ்சையை வெளியேற்றுவதில் இன்றும் பயன் உண்டு. வெடித்த புண் மேல் மட்டும் போட வேண்டாம்.

உள்ளங்கால் முழுக்கப் பரவிய வகைக்கும் நகச்சொத்தைக்கும் களிம்பு பெரும்பாலும் போதாது. மாத்திரை தேவைப்படும். கால் நகத்துக்கு டெர்பினாஃபின் மாத்திரை வழக்கமாக 12 வாரம். அதற்கு முன் கல்லீரல் பரிசோதனை செய்வது நல்லது. மது அருந்துகிறவர்கள், மஞ்சள்காமாலை வந்தவர்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இட்ராகோனசோல் மாத்திரை இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கூடாது. கொழுப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. கர்ப்பிணிகள் இந்த மாத்திரைகள் எதையும் தாமாக எடுக்கக் கூடாது. மருந்து முடிந்த அன்றே நகம் அழகாகிவிடாது. பெருவிரல் நகம் முழுதாக வளர்ந்து மாற ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். நுனியில் பழைய நகம் இருக்க, அடியிலிருந்து தெளிந்த நகம் ஏறி வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாற்று நடப் போகும் பெண்கள் காலில் மருதாணி அரைத்துப் போடுவது பழைய வழக்கம். மருதாணியின் சிவப்புச் சாயத்துக்குப் பூஞ்சையை அடக்கும் தன்மை இருப்பதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். சீமை அகத்தி இலைக்கும் அப்படியே. ஆனால் வேரூன்றிய தொற்றைக் குணமாக்கும் அளவுக்கு இவற்றை நம்ப முடியாது. வெடிப்பு இல்லாத தோலில் துணையாக இருக்கட்டும். கடையில் விற்கும் கருப்பு உடனடி மருதாணி வேண்டவே வேண்டாம்; அதில் கலக்கும் முடிச்சாய ரசாயனம் தோலைக் கொப்புளித்துவிடும். மண்ணெண்ணெய், பேட்டரித் தண்ணீர், ப்ளீச்சிங் பவுடர், சுடுசாம்பல் எதையும் புண்ணில் வைக்காதீர்கள்.

சர்க்கரை இருந்தால் சட்டம் வேறு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். உட்கார்ந்தே செய்யும் வேலையும், நேரம் தவறிய சாப்பாடும் உள்ள நெசவுத் தெருக்களில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரை உள்ளவருக்கு விரலிடுக்கு வெடிப்பு என்பது திறந்து கிடக்கும் கதவு. நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்ததால் ஆறாது. பாக்டீரியா அந்த வெடிப்பு வழியாக நுழைந்து, ஒரே இரவில் கணுக்கால் வரை சிவந்து வீங்கும். விரலை எடுக்க வேண்டிய நிலைக்கும் பாதத்தை எடுக்க வேண்டிய நிலைக்கும் தொடக்கம் பல நேரம் இப்படி ஒரு சின்ன வெடிப்புதான். ஆனைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் குளிர்காய்ச்சலுக்கும் வீக்கம் கூடுவதற்கும் விரலிடுக்குப் புண் முக்கியமான காரணம்.

கால் சிவந்து சூடாகப் பரவுகிறதா? காய்ச்சல், குளிர் நடுக்கம், சீழ், கருத்த தோல் ஏதாவது இருக்கிறதா? அன்றே மருத்துவமனை. மறுநாள் பாவு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மரத்துப்போன காலைக் காப்பாற்றும் கலையில் நம் பக்கத்து ஊர் உலகுக்கே பாடம் சொன்னது. ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் ஓர் உண்மையை நிறுவினார்கள். தொழுநோயாளியின் பாதம் அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டு அழிகிறது. அதிலிருந்து வந்ததுதான் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) என்ற மென்மையான ரப்பர் செருப்பு. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவதும் அதே செருப்புதான். தினமும் காலைக் கண்ணால் பார், விரலை விலக்கிப் பார், அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார் என்பதே அந்தக் கலையின் முதல் பாடம்.

2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரை கொண்டு வரும் பணியாளரிடம் கூச்சப்படாமல் காலையும் காட்டுங்கள்.

மதுரைக் கால்: முள்ளிலிருந்து வரும் பூஞ்சை

காலில் வரும் பூஞ்சைகளில் மிகக் கொடியது ஒன்றின் வரலாறு தமிழ்நாட்டில் தொடங்குகிறது. 1842-ல் மதுரை மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், பாதம் உருண்டு வீங்கி, பல துளைகள் வழியே குருணை குருணையாகச் சீழ் வடியும் நோயை விவரித்தார். 'மதுரா ஃபுட்' என்று உலக மருத்துவ நூல்களில் அது இடம்பெற்றது. 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில் ஹென்றி வான்டைக் கார்ட்டர் இதற்குப் பூஞ்சை காரணம் என்று காட்டி, மைசெட்டோமா என்று பெயரிட்டார். உலகப் புகழ்பெற்ற கிரேயின் உடற்கூறியல் நூலுக்குப் படம் வரைந்தவரும் இதே கார்ட்டர்தான்.

வெறுங்காலில் முள்ளோ மரச்சிராயோ குத்தும்போது மண்ணிலிருக்கும் கிருமி ஆழமாக உள்ளே போய்விடுகிறது. மாதங்கள், சில நேரம் வருடங்கள் கழித்து வலியில்லாத கட்டி. வலி இல்லாததால் ஏழை உழவர் காட்டுவதே இல்லை. பிறகு துளை, சீழ், கருப்பு அல்லது வெள்ளை, மஞ்சள், சிவப்புக் குருணைகள், கடைசியில் எலும்பு. காரணம் பூஞ்சையாகவும் இருக்கலாம், பாக்டீரியாவாகவும் இருக்கலாம். மருந்து முற்றிலும் வேறு. எனவே திசுப் பரிசோதனை கட்டாயம். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2022-ல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலிலும் இதற்குக் காரணமான பூஞ்சைகளுக்கு இடம் தந்தது. பாதத்தில் வலியில்லாத கட்டி எதுவானாலும், வளர விடாமல் காட்டிவிடுங்கள்.

தடுப்பு: தறியில், பட்டறையில், வீட்டில்

தறியில் முதல் வேலை குழியைக் காயவைப்பது. பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏற்றுவதற்கு முன் கிடைக்கும் இடைவெளிதான் நல்ல நேரம். மிதிப்பலகைகளைக் கழற்றித் தேய்த்துக் கழுவி முழு வெயிலில் போடுங்கள். குழியின் தரையை ப்ளீச்சிங் கரைசலால் கழுவுவதாக இருந்தால் அதையும் அப்போதே செய்யுங்கள். தறியில் பட்டு இருக்கும்போது வேண்டாம், ப்ளீச்சிங் பட்டு இழையை அரித்துவிடும். குழிக்குச் சிமெண்டு பூசுவது ஒரு முறைச் செலவு. கசிவு பெருமளவு குறையும். குழிக்குள் சாக்கு விரிக்காதீர்கள். அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு காலுக்கே திருப்பித் தரும். மதியச் சாப்பாட்டுக்கு ஏறும்போது காலைத் துடைத்துக் கொஞ்ச நேரம் வெயிலில் நீட்டி உட்காருங்கள். தறிக்கம்பத்தில் காலுக்கென்று ஒரு பருத்தித் துண்டு, ஆளுக்கு ஒன்றாகத் தொங்கட்டும்.

சாயப்பட்டறையில் ஈரத்தரைக்கு மேல் மரப்பலகையோ பிளாஸ்டிக் சட்டமோ போட்டு நிற்கலாம். ரப்பர் பூட்ஸ் நல்லதுதான், ஆனால் உள்ளே வியர்வை தேங்கினால் அதுவே கேடு. இடைவேளைதோறும் கழற்றுங்கள், இரவில் கவிழ்த்துக் காயவையுங்கள். வேலை முடிந்ததும் சோடாத் தண்ணீரைச் சாதாரணத் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

வயலில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இரவுதான் மருந்து. 1960-களில் வியட்நாமின் நெல்வயல்களில் அலைந்த அமெரிக்கப் படைவீரர்களைக் கூட்டம் கூட்டமாக முடக்கியது தோல் நோய்தான். நனைந்த காலை நாள்கணக்கில் காயவிடாமல் வைத்ததே அதன் வேர் என்று ஆராய்ந்த மருத்துவர்கள் கண்டார்கள். வீடு வந்ததும் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, காலை இரவு முழுக்கக் காயவிட்டால் தோல் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோர் காலையும் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருத்துவம் செய்யாவிட்டால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றும். செருப்பு, துண்டு, நகவெட்டி பொதுவாக வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் ஷூவை மாலையில் கழற்றியதும் மூலையில் தள்ளாமல் வெயிலில் வையுங்கள், சாக்ஸைத் தினமும் துவையுங்கள். உள்ளாடைக்கு முன் சாக்ஸைப் போட்டால் காலின் பூஞ்சை தொடையிடுக்குக்கு ஏறாது.

சங்கங்களும் அரசும் செய்ய வேண்டியது

இத்தனையையும் நெசவாளி தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது நியாயம் அல்ல. குழிக்குச் சிமெண்டு பூசப் பணம் வேண்டும். மழையில் தறி நிற்கும் நாள்களுக்குக் கூலி இல்லாதவரிடம், குழி காயும் வரை பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது? நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தறிக்கும் கருவிகளுக்கும் உதவி பெற்றுத் தருகின்றன. குழியைச் செப்பனிடுவதும் அந்தக் கணக்கில் வர வேண்டும். நெசவுத் தெருக்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் கண்ணைப் பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். காலைப் பார்க்கும் முகாம் ஐப்பசிக்கு முன் ஒன்று, தைக்குப் பின் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு நடக்க வேண்டும். சுரண்டிப் பார்க்கும் பரிசோதனை தாலுகா மருத்துவமனை வரை எல்லா நாளும் கிடைக்க வேண்டும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு களிம்பு விற்கும் கடைகளை மருந்து ஆய்வாளர்கள் சோதிக்க வேண்டும். சட்டம் 2018-லேயே வந்துவிட்டது. புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை.

ஒரு பட்டுப் புடவையின் விலையைக் கணக்கிடும்போது பட்டு, ஜரிகை, சாயம், கூலி என்று வரிசையாக எழுதுகிறார்கள். அந்தப் புடவையை மிதித்து மிதித்து உருவாக்கிய காலும் ஒரு தொழிற்கருவி. அச்சும் விழுதும் பழுதானால் உடனே மாற்றுகிறோம். காலுக்கு மாற்று இல்லை. நான்கு வாரக் களிம்பும், ஒரு காய்ந்த துண்டும், ஆண்டுக்கு இரண்டு பரிசோதனையும் அந்தக் காலுக்குப் பெரிய செலவல்ல. அதைக் கேட்டுப் பெறுவது ஆரணி நெசவாளியின் உரிமை.